வெள்ளைச் சட்டைக்காரர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பில் உட்கார்ந்து பழகியவர்கள்தானே நீங்கள், பத்து நிமிஷம் தாங்குவீர்கள். நடுவில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று யாரும் எழுந்து போகக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, செம்பருத்திக்குத் தண்ணீர் விடப் போனேன். மொட்டுக் காம்பெல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. தண்டில் எறும்புகள் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் காலை எட்டரை மணிக்கு ஜனங்கள் ஓடுவார்களே அதுபோல. இலைகள் சுருண்டு கிடந்தன. மாவுப்பூச்சி.

எதிர்வீட்டுத் தம்பி மதில் மேல் எட்டிப் பார்த்தான். என் பழைய மாணவன்தான், இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. "ஐயோ சார், இதை இப்படியே விட்டா எங்க வீட்டுக்கும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன், ஐந்து நிமிஷத்தில் ஒரு பாட்டிலோடு வந்தான்.

"ஒரு மூடி ஊத்தி ஒரு லிட்டர் தண்ணியில கலந்து அடிங்க சார். நாளைக்கு ஒண்ணுமே இருக்காது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சார்!"

அந்த 'ஒண்ணுமே'தான் எனக்குப் பயம். பாட்டிலை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டு, "பார்க்கலாம்ப்பா" என்றேன். சார் வயதாகி மெத்தனமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இதே வெள்ளையை முதன்முதலாக என் தோட்டத்தில் பார்த்தது 2009-ல். தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சேலையூரில் ஒரு கிரவுண்டில் வீடு போக மிச்சமிருக்கும் இடம். அதில் அம்மாவின் பப்பாளி ஒன்று நின்றது. யாரும் நட்டதில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் தானாக முளைத்தது. அம்மா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக்காரி. எண்பது வயதுக்கு மேல் வயிறு சொன்னபடி கேட்கவில்லை. காலையில் இரண்டு துண்டு பப்பாளி சாப்பிட்டால்தான் அவளுக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. அதனால் அந்த மரத்துக்கு வீட்டில் என்னைவிட மரியாதை அதிகம்.

ஒருநாள் பார்த்தால் காய் தெரியவில்லை. காய் இருந்த இடத்தில் வெள்ளைப் போர்வை. நான் பதறிப்போய்க் கடைக்கு ஓடினேன். "என்ன பூச்சியா இருந்தாலும் சாகும்" என்று சொல்லி ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"உடுடா. அது வந்த வழியா அதுக்கும் ஒருத்தன் வருவான்."

வரலாறு பாடம் நடத்துகிற பிள்ளை, கைநாட்டு அம்மா பேச்சைக் கேட்பானா? அடித்தேன். ஒரு வாரம் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரம் போர்வை மறுபடி வந்தது, முன்னைவிடக் கனமாக. மறுபடி அடித்தேன். இடையில் கையாலும் நசுக்கினேன். கூட்டத்தில் சில பூச்சிகள் மட்டும் பெரிதாக, சடைசடையாக, வேகமாக ஓடின. இவைதான் தலைவர்கள் என்று முடிவுகட்டி அவற்றைத் தேடித்தேடி நசுக்கினேன். மரம் பிழைக்கவில்லை. காய்த்த காயையும் அம்மா தொடவில்லை. "மருந்தடிச்சத மனுசன் துன்னுவானா?" என்று ஒரே கேள்வி. அப்புறம் மார்க்கெட்டில் பழம் வாங்கிவந்து கொடுத்தோம். சாப்பிட்டாள். ஆனால், "இது நல்லா இருக்குது" என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. 2010 மார்ச்சில் அம்மா போய்விட்டாள்.

அந்தத் தலைவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் ஒரு ரயில் பயணம்.

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று போய் ஒன்பதாவது ஸ்டேஷன் சைதாப்பேட்டை. இன்றைக்கு நாம் மருந்தடித்து விரட்டுகிற இந்த வெள்ளைப் பூச்சியின் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவனுக்காக, அந்தச் சைதாப்பேட்டையில் இருநூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் தோட்டம் போட்டு, வேலி கட்டி, ஆள் வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பந்தல் போட்டுக் காத்திருப்பது போல.

அந்த மாப்பிள்ளையின் பெயர் கொச்சினீல். நம் கொச்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெக்சிகோவில் சப்பாத்திக் கள்ளி மேல் வாழ்கிற பூச்சி. பார்வைக்கு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சளாகப் பிசுபிசுக்கும். இதை நசுக்கினால் ரத்தச் சிவப்பு. காயவைத்துப் பொடித்தால் உலகத்திலேயே உயர்ந்த சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும் என்பார்கள். மெக்சிகோவின் பழங்குடிகள் காலங்காலமாக வளர்த்துவந்த பூச்சி இது. ஸ்பெயின்காரர்கள் அந்த நாட்டைப் பிடித்தபின் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கு அடுத்தபடி அங்கிருந்து அவர்களுக்குப் பெரும்பணம் கொடுத்த சரக்கு இதுதான். ஆங்கிலேய அதிகாரிகள் போட்ட சிவப்புக் கோட்டுக்கும் இந்தச் சாயம்தான். எதிரியிடம் சாயம் வாங்கித் தன் பட்டாளத்துக்குக் கோட்டுத் தைப்பது எந்த ராஜாவுக்குத்தான் பிடிக்கும்?

இங்கே சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை இருக்கிறதல்லவா, அவர்தான். வைத்தியம் போக மிச்ச நேரமெல்லாம் செடி, பூச்சி, பட்டுப்புழு என்று அலைந்தவர். 1786 கடைசியில் சென்னையிலேயே ஒரு புல்லின் மேல் இப்படி ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். பேங்க்ஸ் அந்தக் காலத்தில் ராயல் சொசைட்டித் தலைவர், தாவரவியலில் பெரிய தலை. பதில் வந்தது, இது அந்தப் பூச்சி இல்லை என்று. ஆண்டர்சன் சோர்ந்துபோகவில்லை. அந்தக் கடிதங்களை 1788-ல் இங்கேயே புத்தகமாக அச்சடித்துவிட்டார். நம் ஊரில் பிழை திருத்திய விடைத்தாளை யாராவது சட்டம் போட்டு மாட்டுவார்களா? அவர் மாட்டினார். அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

கம்பெனிக்கும் ஆசை வந்துவிட்டது. கள்ளி வளர்ப்பதற்கென்றே சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் அமைத்தார்கள். இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து கள்ளி கப்பலில் வந்தது. மேற்பார்வை ஆண்டர்சனின் சகோதரி மகன் ஆண்ட்ரூ பெர்ரியிடம். நம் ஊர் வயல்வரப்பில் கள்ளி இருந்தால் கடப்பாரையோடு போவோம். அங்கே கள்ளிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார்கள். சைதாப்பேட்டைக் குடியானவன் அதை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

செடி வளர்ந்தது. பூச்சிதான் வரவில்லை. ஸ்பெயின்காரன் விடுவானா?

1795-ல் நீல்சன் என்ற ராணுவக் கேப்டன், வருகிற வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இறங்கிய இடத்தில், பூச்சியோடு கொஞ்சம் கள்ளியை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். கடல் வழியில் செத்தது போகக் கொஞ்சம் பிழைத்திருந்தது. அங்கே தாவரவியல் தோட்டத்தில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் அவற்றைக் காப்பாற்றிப் பெருக்கினார். அதே வருஷம் சென்னைக்கும் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் ஒருவழியாகப் பந்தலுக்குள் நுழைந்தது.

நுழைந்தபின்தான் விஷயம் தெரிந்தது. இது மெக்சிகோ மாப்பிள்ளை இல்லை, அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி. காட்டு வகை. சாயம் மட்டம். லண்டன் சந்தையில் மெக்சிகோ சரக்குக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த சீமைக் கள்ளியைத் தம்பி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஊர் வேலியில், கோட்டை ஓரத்தில் கேட்பாரில்லாமல் கிடந்த நாட்டுப்புறச் சப்பாத்திக் கள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவும் பூர்வீகத்தில் தென்னமெரிக்கா தானே, ஊர்ப் பாசம்! உட்கார்ந்து, பெருகி, தின்று, சில வருஷங்களில் தென்னாட்டின் பல பகுதிகளில் அந்தக் கள்ளி இனத்தையே காலி செய்துவிட்டது.

1800-ல் கம்பெனி சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டது. ஆண்டர்சன் 1809-ல் காலமானார். கதீட்ரல் ரோட்டில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. கணக்குப் பார்த்தால் சாயம் தோல்வி, பணம் நஷ்டம். ஆனால் பூச்சி நூலில் இந்தத் தோல்விக்கு ஒரு மரியாதையான இடம் கிடைத்தது. வேண்டாத செடியை மருந்தில்லாமல் ஒரு பூச்சியை வைத்தே ஒழிக்கலாம் என்பதை உலகம் கண்ணால் பார்த்த முதல் சம்பவங்களில் இது ஒன்று. யாரும் திட்டமிடாமல் நடந்த பரிசோதனை.

பாடம் வீண்போகவில்லை. முதல் இனம் போன இடத்தில் வேறொரு சப்பாத்திக் கள்ளி இனம் தென்மாவட்டங்களில் மேய்ச்சல் நிலத்தையும் வயலையும் அடைத்துக்கொண்டது. மாடு போக வழியில்லை, பாம்புக்கு மட்டும் வசதி. பழைய பூச்சியை அதன்மேல் விட்டால் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கள்ளிதான் வேண்டும். 1926-ல் அதற்கேற்ற கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் சுத்தமானது. 1790-களில் புதையல் என்று தேடிய குடும்பம், 1926-ல் கூலியாள் வேலைக்கு வந்தது. பூச்சி இரண்டு தடவையும் ஒரே வேலையைத்தான் செய்தது: பசித்தது, தின்றது. பெயர் மாற்றி மாற்றி வைத்தவர்கள் நாம்.

சைதாப்பேட்டைக் கதை இதோடு முடியவில்லை. 1860-களில் அதே சைதாப்பேட்டையில் அரசாங்கம் விவசாயப் பண்ணையும் பள்ளியும் ஆரம்பித்தது. அந்தப் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறியது. இன்றைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்வது அதன் வளர்ச்சிதான். சைதாப்பேட்டைப் பிள்ளை கோயம்புத்தூரில் போய்ப் பெரிய படிப்புப் படித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2008-க்கு வாருங்கள். அதே கோயம்புத்தூரில்தான் இந்தப் பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டார்கள். பூர்வீகம்? மெக்சிகோ. பப்பாளியின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். மரம் முன்னால் வந்துவிட்டது, பூச்சி நானூறு வருஷம் கழித்து விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. (என் தோட்டத்தில் பப்பாளி, கொய்யா, சீத்தா, மிளகாய், தக்காளி எல்லாமே அந்தக் கண்டத்துக்காரர்கள். நான் வளர்ப்பது தோட்டமா, தூதரகமா என்று என் வீட்டம்மா கேட்கிறாள்.) பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மல்பெரி போனதால் பட்டுப்புழு வளர்த்தவர்கள் வயிற்றிலும் அடித்தது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தார்கள். நானும் சேலையூரில் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு என் பங்கைச் செய்தேன். மெழுகுப் போர்வைக்குள் மருந்து சரியாக இறங்குவதில்லை. கூட இருக்கிற நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகின்றன.

பெங்களூரில் இருக்கிற மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் வேறு வழி பார்த்தார்கள். மெக்சிகோவில் இந்தப் பூச்சி ஏன் ஊரை அழிக்கவில்லை? அங்கே அதற்கு ஒரு எமன் இருக்கிறான். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. மனிதனைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டு ஓட்டை போட்டு வெளியே வரும். அமெரிக்கர்கள் மெக்சிகோவிலிருந்து எடுத்துப் போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த அந்தக் குளவி வகைகளை 2010-ல் பெங்களூருக்குத் தருவித்தார்கள். நீல்சன் மாதிரி கப்பலில் இருந்து இறக்கி அப்படியே விட்டுவிடவில்லை. அடைத்துவைத்து, பட்டுப்புழுவைத் தொடுகிறதா, நம் ஊர் நல்ல பூச்சியைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. ஓராண்டுக்குள் பல இடங்களில் போர்வை விலகியது. ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் காத்திருந்த சரியான பூச்சி, சைதாப்பேட்டைப் பிள்ளையின் கைவழியாக இருநூறு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது என்று எனக்கு ஓர் எண்ணம்.

"அது வந்த வழியா அதுக்கும் ஒருத்தன் வருவான்."

முதன்முதலில் இந்தச் செய்தியைப் படித்தபோது பேப்பரை மடித்துவைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். வந்த வழியாகவே வந்திருக்கிறான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கரும்பிலும் நெல்லிலும் பூச்சி வருவதையும் போவதையும் எழுபது வருஷம் பார்த்தவள். அவள் சொன்னது முழுக்கச் சரி என்று வாத்தியாராக என்னால் சொல்ல முடியாது. அவன் தானாக வரவில்லை, படித்தவர்கள் கூட்டிவர வேண்டியிருந்தது. ஆனால் எந்த வழியில் தேட வேண்டும் என்பது அவள் வாக்கியத்திலேயே இருந்தது. நான்தான் காதில் துண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தேன்.

இப்போது அந்தத் தலைவர்கள். சடைசடையாக, பெரிதாக, வேகமாக ஓடியவை. அவை மாவுப்பூச்சியே இல்லை. ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சுகள். மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே அதே மாதிரி வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தவை. மப்டி போலீஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் காப்பித் தோட்டத்துப் பூச்சிக்காகக் கொண்டுவந்த இனம். அந்த வேலையில் பெயிலாகி, தென்னாட்டிலேயே தங்கி, மாவுப்பூச்சி வேலையில் பாஸானது. வேறொரு மப்டியும் உண்டு, இது உள்ளூர்க்காரன். சாம்பல் நிறச் சின்னப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழு. பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்றுதானே படித்தோம், இது மாவுப்பூச்சி தின்னும். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் அச்சாகக் குரங்கு மூஞ்சி. பொய் என்றால் தேடிப் பாருங்கள்.

ஆக, 2009-ல் அம்மாவின் மரத்தைக் காப்பாற்ற வந்தவர்களைத்தான் நான் தேடித்தேடி நசுக்கியிருக்கிறேன். உடுப்பு ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக. வகுப்பில்கூட அப்படித்தான். கடைசி பெஞ்சில் சத்தம் வந்தால் நிமிர்ந்து பார்க்காமலே யாரை எழுப்பி நிறுத்துவேன் என்பது உங்களுக்குத் தெரியும். சத்தம் போட்டவனை அடக்கிக்கொண்டிருந்தவனும் அதில் அடி வாங்கியிருக்கிறான். அவன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தம்பி, மன்னித்துக்கொள்.

சரி, செம்பருத்திக்கு வருவோம். பாட்டிலைத் திறக்கவில்லை. ரொம்ப மோசமான நான்கு கிளையை வெட்டிப் பையில் கட்டிப் போட்டேன். குழாயை வேகமாகத் திருப்பி, தண்ணீரைப் பீய்ச்சியடித்தேன். பாதி கூட்டம் கீழே விழுந்தது. எறும்புகளைக் கவனித்தேன். அவை பூச்சியின் தித்திப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் இருந்து, நல்ல பூச்சியை விரட்டுகிறவை. தண்டில் பிசுக்கான துணியைச் சுற்றி அவற்றின் பாதையை மறித்தேன். பிறகு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும், அதுவும் பூச்சி அடர்ந்த இடத்தில் மட்டும். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் அரைமணி நேரம் சும்மா பார்த்தேன். தோட்ட வேலையில் மிகக் கஷ்டமானது இந்தச் சும்மா பார்ப்பதுதான்.

ஐந்தாம் நாள் சில பூச்சிகள் பழுப்பாகக் காய்ந்து, முதுகில் ஊசி குத்தினது போல ஓட்டையோடு இருந்தன. குளவி வந்துவிட்டுப் போயிருக்கிறது. ஏழாம் நாள் சடைக்காரர் ஒருவர் வேகமாக ஓடினார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் தன் ஐந்தாம் வகுப்புப் பெண்ணையும் கூட்டிவந்தான். கண்ணாடி வழியே பார்த்த அந்தக் குழந்தை, "தாத்தா, இது திருடனைப் பிடிக்கத் திருடன் வேஷம் போட்ட போலீஸா?" என்று கேட்டது. நான் மூன்று பத்தி எழுதிச் சொன்னதை அது ஒரு வரியில் முடித்துவிட்டது.

நேற்று முதல் பூ பூத்தது. செடி முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேல்கிளையில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்கிறது. அது சுத்தமாகப் போய்விட்டால் குளவிக்குச் சாப்பாடு? இருக்கட்டும். பாட்டிலும் ஜன்னல் மேலேயே இருக்கிறது. தம்பி அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் மறுபடியும் ஒரு பப்பாளி தானாக முளைத்திருக்கிறது. இப்போதைக்கு முழங்கால் உயரம்.

வீட்டுப்பாடம்: இன்று மாலை உங்கள் வீட்டு மாடித் தொட்டியிலோ வாசல் செடியிலோ வெள்ளையாக எதையாவது பார்த்தால், கை வைக்குமுன் ஐந்து நிமிஷம் உற்றுப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
சேலையூர், தாம்பரம்